காணாமல் போன ஐந்து நிமிடம்

டி.வி.டி. காலத்தில் ஒரு நாள் புதுச்சேரி நண்பர் போன் செய்து, "நம்மள ஏமாத்திட்டாங்க சார்!" என்றார். யுத்தகாலத் தமிழ்ப் படம் ஒன்றை வாங்கியிருக்கிறார். 11,000 அடிப் படம். கணக்குப்படி 122 நிமிடம் ஓட வேண்டும். 117-லேயே 'வணக்கம்' போட்டுவிட்டார்களாம். பழைய பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தும் விட்டார். ஒரு பாட்டுகூடக் குறையவில்லை. அப்படியானால் ஐந்து நிமிடம் எங்கே போச்சு?

அதென்ன அடிக்கணக்கு என்கிறீர்களா? பிலிம் இருந்தவரை, ஜவுளிக்கடைத் துணி மாதிரி சினிமாவையும் நீளத்தில்தான் அளந்தார்கள். 35 எம்.எம். பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம். பேசும் படம் விநாடிக்கு 24 பிரேம் ஓடும். ஆக, நிமிடத்துக்கு 90 அடி.

1905-ல் திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் ஏசுநாதர் படமும் வாங்கி ஊர் ஊராகக் காட்டினாரே, அந்த மௌனப் படக் காலத்தில் இந்தக் கறார் கிடையாது. கையால் சுற்றும் மெஷின்கள்தான். ஆபரேட்டருக்குப் பசியெடுத்தால் படம் சீக்கிரம் முடியும்! பேச்சு வந்த பிறகு அது நடக்காது. வேகம் மாறினால் கதாநாயகன் குரல் கீச்சிடுமே. அதனால்தான் 24 நிலைத்தது.

இரண்டாம் உலகப் போர் பிலிம் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று வெள்ளைக்காரர் சர்க்கார் உத்தரவு போட்டது. விடிய விடிய பாடிக்கொண்டிருந்த நம் படங்களுக்கு இது பெரிய அடி. ஆனால் அந்தக் கெடுபிடிக்குள் 1944-ல் வந்த 'ஹரிதாஸ்'தான் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது.

சரி, ஐந்து நிமிடம்? திருடியது மின்சாரம்! நம் ஊர் கரண்ட் 50 சைக்கிள். அதற்கு ஒத்துப்போக டி.வி.யில் விநாடிக்கு 25 பிரேம் வைத்தார்கள். இந்தியாவிலும் அப்படி, பிரான்சிலும் அப்படி. 24-ல் எடுத்த படத்தை 25-ல் ஓட்டினால் நூற்றுக்கு நான்கு பங்கு நேரம் மிச்சம். 122 நிமிடம் 117 ஆகிவிடும். ஒரு பிரேமைக்கூட வெட்ட வேண்டியதில்லை.

அமெரிக்காக்காரன் பாடு இன்னும் மோசம். அங்கே 30 பிரேம். 1953-ல் கலர் டி.வி.க்காக அதை 29.97 ஆக்கினார்கள். பிறகு ஒவ்வொரு பிரேமுக்கும் மணி, நிமிடம், விநாடி என்று டைம்கோடு எண் போட ஆரம்பித்தபோது, எண்ணுக்கும் கடிகாரத்துக்கும் மணிக்கு 3.6 விநாடி இடித்தது. பரிகாரம்? ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டிவிடுவது; பத்தாவது நிமிடத்தில் மட்டும் தாண்டாமல் விடுவது. படம் குறையாது, எண்தான் குறையும். சூரிய உதயத்தையே பார்க்காத திதியைப் பஞ்சாங்கத்தில் தள்ளிவிடுகிறோமே, அந்த மாதிரி.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதான் சார், பாட்டெல்லாம் அரைக் கட்டை ஏறின மாதிரி இருந்துச்சு. என் காதுலதான் கோளாறுன்னு நினைச்சேன்" என்றார்.

காது சரிதான். அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறியிருக்கும்.