அன்னமும் அன்னக்குஞ்சும்

கோயில் திருவிழாக்களில் அன்ன வாகனம் வீதியுலா வருவதை நாம் கண்டிருக்கிறோம். எஞ்சின் பூட்டிய அன்னம் ஒன்று 1910-ஆம் ஆண்டில் கல்கத்தா வீதிகளில் ஓடியது. அதைப் பார்த்து, மின்சாரத்தால் ஓடும் குஞ்சு ஒன்றும் பின்னர் உருவாயிற்று. பழைய மோட்டார் வண்டிகளைச் சேகரிப்போரிடையே பெரிய அன்னத்துக்கே பெயர் அதிகம். ஆனால் இயற்பியல் மாணவருக்குக் குஞ்சும் அதற்குக் குறைந்ததன்று.

கல்கத்தாவில் வாழ்ந்த ராபர்ட் நிக்கல் மாத்யூசன் என்ற செல்வந்தர், இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் நகரிலிருந்த புரூக் நிறுவனத்தாரிடம் சொல்லிச் செய்வித்தது பெரிய வண்டி. 25/30 குதிரைத் திறன் என்று அதைக் குறிப்பர். அக்கால வழக்கில் முதல் எண் பொதுவாகச் சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் கொண்டு போடும் கணக்கு. இரண்டாவது, எஞ்சின் உண்மையில் தரும் திறன். முன்புறம் முழுவதும் அன்னத்தின் உருவம், கண்கள் மின்விளக்குகள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்த் தொகுதியோடு அலகு இணைக்கப்பட்டிருந்தது. கூட்டத்தை விலக்க, அலகிலிருந்து சூடான நீரும் ஆவியும் பீறிடும்! வீணாகப் போகும் வெப்பத்துக்கு இப்படியும் ஒரு பயன். சக்கரங்களில் ஒட்டும் யானைச் சாணத்தைத் துடைக்கத் தூரிகைகள் உண்டு. பின்புறத்திலிருந்து சுண்ணாம்புக் குழம்பும் கொட்டும். மக்கள் மிரண்டதால் காவல் துறையினர் இவ்வண்டியைத் தெருவில் ஓட்டத் தடை விதித்தனர் என்பர்.

பின்னர் பஞ்சாபிலுள்ள நாபா சமஸ்தானத்து மன்னர் அன்னத்தை வாங்கினார். அதே வடிவில், அளவில் சிறியதாக, மின்கலங்களால் ஓடும் வண்டி ஒன்றையும் செய்வித்தார். குஞ்சுக்குப் புகையில்லை, எஞ்சினின் இரைச்சலும் இல்லை. பிறகு ஏன் பெட்ரோல் வண்டியே உலகை ஆண்டது?

எங்கள் ஜவ்வாது மலைச் சாலையில் ஒரு டன் எடையுள்ள வண்டி 300 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 30 லட்சம் ஜூல் வருகிறது. மின்வாரியக் கணக்கில் இது ஒரு யூனிட்டுக்கும் குறைவே. ஆனால் ஒரு கிலோ ஈய-அமில மின்கலத்தில் சுமார் 30 வாட்-மணி ஆற்றலையே சேமிக்கலாம். இழப்பே இல்லையென்றாலும் 27 கிலோ மின்கலம் தேவை. பெட்ரோலோ லிட்டருக்கு 320 லட்சம் ஜூல் தரவல்லது. பழைய எஞ்சின் அதில் நூற்றுக்கு 15 பங்கையே வேலையாக மாற்றியது என்று வைத்தாலும், அரைக் கிலோ பெட்ரோல் போதும். தீர்ந்தால் மீண்டும் ஊற்றிக்கொள்ளலாம். மின்கலத்தை மின்னேற்றவோ பல மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

சேகரிப்போர் இவ்விரண்டையும் மதிப்பதற்கு வடிவம் மட்டும் காரணமன்று. பழைய வண்டிகள் பல கைமாறி, பாகங்கள் மாறி, எது அசல் என்று அறிய இயலாதபடி ஆகிவிடுகின்றன. அன்னமோ ஏறத்தாழ 70 ஆண்டுகள் நாபா அரச குடும்பத்திலேயே இருந்தது. குஞ்சுக்கு மதிப்பு தாயால்தான் கூடுகிறது. தனியே வைத்தால் அது வேடிக்கைப் பொருளாகிவிடும்.

இரண்டும் இப்போது நெதர்லாந்தில், தி ஹேக் நகரின் லௌமன் அருங்காட்சியகத்தில் உள்ளன. கல்கத்தாவைக் கலக்கிய அன்னத்தைக் காண நம் மாணவர் கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் சில நாட்கள் இங்கே காட்சிக்குக் கொண்டுவரலாம் என்றால், நான் குஞ்சையே கேட்பேன்.