சமணர் குகைகளும் 'தனிமை' என்னும் சொல்லும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் ஆங்காங்கே எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகளில், சமண முனிவர் தங்கிய குகைகள் பல உள்ளன. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கொங்கர்புளியங்குளம், திருப்பரங்குன்றம் என அவற்றின் வரிசை நீளும். இவற்றுள் மாங்குளத்துக் கல்வெட்டுகளை இராபர்ட் சிவெல் 1882ஆம் ஆண்டு கண்டறிந்தார். அவற்றின் எழுத்து கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது என்பர். ஊரையும் உறவையும் துறந்து தனித்திருக்கச் சென்றோரின் இருப்பிடங்கள் இவை. ஆயினும் குகைக்குள் நுழைந்து பார்ப்போர் முதலில் காண்பது, பாறையில் அடுத்தடுத்து வெட்டப்பட்ட கற்படுக்கைகளின் வரிசையையே. அவற்றைச் செய்வித்தோர் யாவர்? பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி ஒருவன். வெள்ளறை நிகமத்து வணிகர் மற்றொரு சாரார். திருப்பரங்குன்றத்தில் ஈழத்துக் குடும்பிகன் ஒருவன். தனித்திருப்பதற்கும் ஒரு கூட்டம் தேவைப்பட்டது எனலாம்.

அவ்விருப்பிடத்தைக் கல்வெட்டு 'பளி' என்று குறிக்கிறது. அதுவே பின்னர் 'பள்ளி'யாயிற்று. படுக்கையைக் குறித்த அச்சொல் துறவியர் உறைவிடத்தையும், சிறுவர் கூடிப் பயிலும் இடத்தையும், இசுலாமியர் கூடித் தொழும் பள்ளிவாசலையும் குறிக்கலாயிற்று. மலையாளத்தில் கிறிஸ்தவர் ஆலயமும் பள்ளியே. இல்லம் நீத்தோர் படுத்த இடத்தின் பெயர், மக்கள் திரளும் இடங்களுக்கு உரியதாயிற்று.

இனி, 'தனி' என்னும் சொல்லை நோக்குவோம். ஒப்பற்றது தனி, கலப்பற்றதும் தனி. 1916இல் தோன்றிய தனித்தமிழ் இயக்கத்தின் பெயரில் இப்பொருளைக் காண்கிறோம். கூட்டத்தினின்று பிரிந்து திரியும் ஆண் விலங்கைத் 'தனியன்' என்கிறோம். தன்னந்தனியே விடப்பட்ட மூதாட்டிக்கும் இதே அடிச்சொல்லையே வழங்குகிறோம். பெருமையும் அவலமும் ஒரு சொல்லிலேயே அடங்கியுள்ளன.

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. சீன மொழியில் 'தூ' என்றொலிக்கும் எழுத்தொன்று தனிமையைக் குறிக்கும். அதன் இடப்பக்கத்தில் அமைந்துள்ளது நாயின் வடிவம். கி.பி. 100ஆம் ஆண்டளவில் எழுத்துகளின் அமைப்பை ஆராய்ந்த சூ ஷென், ஆடுகள் மந்தையாய் வாழ்வன, நாய்களோ கூடினால் சண்டையிடுவன, ஆகவே நாய் தனிமைக்கு அடையாளம் என்று விளக்கம் தந்தார். இவ்விளக்கத்தைச் சொல்லாராய்ச்சி எனக் கொள்வதினும் நாட்டுப்புற அறிவு எனக் கொள்வதே பொருந்தும் என்று கருதுகிறோம். சூ ஷென்னுக்கு நானூறு ஆண்டுகள் முற்பட்ட மென்சியசின் நூலில் இவ்வெழுத்துக்கு மிகக் கூரிய பொருள் உண்டு: பிள்ளையற்ற முதியவர். மனைவியை இழந்தவர், கணவனை இழந்தவர், தந்தையற்ற சிறுவர் ஆகியோருடன் இவரையும் சேர்த்து, நாடாள்வோன் முதலில் கவனிக்க வேண்டியவர் இந்நால்வரே என்று அந்நூல் உரைக்கிறது. தந்தையற்ற பிள்ளையைக் குறிக்கும் 'கூ' என்பதோடு இவ்வெழுத்து இணைந்து 'கூதூ' என்றாயிற்று. ஜப்பானியர் இதனைக் 'கொதொக்கு' என்றும், கொரியர் 'கோதொக்' என்றும் ஒலிப்பர். வியத்நாமியர் உரோம எழுத்தில் எழுதினும் சொல் அதுவே. அதே 'தூ' என்னும் எழுத்து 'நிற்றல்' என்பதோடு சேர்ந்து, இந்நாடுகள் அனைத்திலும் 'விடுதலை பெற்ற நாட்டு நிலை'யைக் குறிக்கிறது. தனித்து நிற்றல் அங்கு பெருமை!

பௌத்த நூல்களைச் சீனமாக்கியோர், சிராவத்தி நகரின் சேதவனத்தை வாங்கி அளித்த அநாதபிண்டிகன் என்னும் வணிகனின் பெயரைக் 'கூதூவுக்கு ஈபவன்' என்று மொழிபெயர்த்தனர். 'அநாத' என்ற அச்சொல்லே நம்மிடையே 'அநாதை' என வழங்குவது. மற்றொரு சொல்லும் நினைவுகூரத் தக்கது. பாலி மொழியில் 'விவேகம்' என்பது ஒதுங்கியிருத்தல், தமிழில் அது நல்லறிவு, சிங்களத்திலோ ஓய்வு. ஒதுங்கியிருப்போன் அறிவு பெறுவான் என்று தமிழர் முடிவு செய்ததாக எண்ணிவிடலாகாது. வடமொழியிலேயே அதற்குப் பகுத்தறிதல் என்ற பொருள் உண்டு.

தானே தேர்ந்துகொள்ளும் தனிமைக்கு மதுரையில் பிற்காலச் சான்று இராபர்ட் தெ நொபிலி. 1606இல் இங்கு வந்த அவர், சக குருவின் இல்லத்தினின்று பிரிந்து, குடிசையில் காவியுடுத்து, துறவியாய் வாழ்ந்தார். அத்தனிமை மக்களை அவரிடம் வரச் செய்தது. ஆனால் அது சாதி வேறுபாட்டைத் தழுவிய தனிமையாகவும் இருந்தது என்பதை மறைக்கலாகாது. அவருடைய முறையை உரோமை 1623இல் ஏற்றபோதும் இக்கேள்வி தீரவில்லை.

திருமறையை மொழிபெயர்த்தோர் இவ்விரு தனிமைகளையும் எங்ஙனம் கையாண்டனர்? ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் நன்றன்று எனப்படும் ஆதாமின் நிலையும், மத்தேயு பதினான்காம் அதிகாரத்தில் மலைமேல் ஜெபிக்கச் சென்ற இயேசுவின் நிலையும் நம் பழைய மொழிபெயர்ப்பில் 'தனிமை' என்ற ஒரே சொல்லாலேயே கூறப்படுகின்றன. 1919இல் வெளியான சீன ஐக்கிய மொழிபெயர்ப்பிலும் இரண்டிடத்தும் 'தூ' என்ற அதே எழுத்தே உள்ளது. ஒருவரை ஒருவர் அறியாத இரு மொழிபெயர்ப்புக் குழுவினர் ஒரே முடிவுக்கு வந்தனர். இதனைச் சொல்வறுமை என்று நாம் கருதவில்லை. தனிமை நல்லதா தீயதா என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை. மலையிலிருந்து இறங்கிவர ஒரு படகும் அதில் சீடரும் உண்டா என்பதே தீர்மானிக்கிறது.

ஜப்பானில் எவருமறியாமல் வீட்டில் இறந்து கிடப்போரின் சாவு, கொதொக்கு என்ற சொல்லைக் கொண்டே பெயரிடப்பட்டது. 1995ஆம் ஆண்டு கோபே நிலநடுக்கத்திற்குப் பின் தற்காலிகக் குடியிருப்புகளில் நேர்ந்த இத்தகைய மரணங்கள் நாட்டையே உலுக்கின. 2021இல் தனிமைக்கென ஓர் அமைச்சர் நியமிக்கப்பட்டார். நம் நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம், முதிய பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள்மேல் சுமத்துகிறது. ஆனால் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, மாதந்தோறும் பணமும் பெற்று, பேச ஆளின்றித் திண்ணையில் அமர்ந்திருப்போர் மென்சியசின் பட்டியலிலும் இல்லை. சட்டத்தின் பார்வையிலும் குறையற்றவரே.

சங்கீதம் அறுபத்தெட்டில், எபிரேயம் 'யெகீதிம்', அதாவது ஒற்றையராய் நிற்போர் என்று சொல்லுமிடத்தில், சீனம் 'கூதூ' என்றே எழுதுகிறது. தமிழ் 'தனிமையானவர்கள்' என்கிறது. அவர்களுக்கு இறைவன் தருவதைச் சீன மொழிபெயர்ப்பு 'சியா' என்னும் ஓரெழுத்தால் குறிக்கிறது. கூரையின்கீழ் ஒரு பன்றி நிற்பதே அவ்வெழுத்தின் வடிவம். நம் மொழிபெயர்ப்பாளரோ வீடு என்று மட்டும் எழுதி அமையாமல், 'வீடுவாசல்' என்று எழுதினர்.