இரவை ஆண்டவர்கள் – 4: வெடித்த இசைத்தட்டுகள்

1979 ஜூலை 12. சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானம். வைட் சாக்ஸ் அணிக்கும் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கும் அடுத்தடுத்து இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள். ஆனால் பெருங்கூட்டம் வந்தது வேறொன்றுக்கு. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருபவர்களுக்கு 98 சென்ட்டில் டிக்கெட் என்று வானொலியில் அறிவித்திருந்தார், டிஸ்கோவை வெறுத்த வானொலி டிஜே ஸ்டீவ் டால். முதல் ஆட்டம் முடிந்ததும், பெட்டி நிறையக் குவித்த தட்டுகளை மைதானத்தின் நடுவே வைத்து வெடிவைத்துத் தகர்த்தார். ஆயிரக்கணக்கானவர்கள் புல்தரைக்குள் பாய்ந்தார்கள். இரண்டாவது ஆட்டம் நடக்கவேயில்லை.

அன்று அங்கே பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்தான், வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன். சிந்தசைசர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவன். வந்து குவிந்த தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல என்பது அவன் கண்ணில் பட்டது. அவை கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள், அவ்வளவுதான். எரிந்தது ஓர் இசை வகை மட்டுமல்ல என்று நான் சொல்வதற்கு அந்தப் பையன் கண்டதே போதும். அவனை நினைவில் வையுங்கள், மறுபடி வருவான்.

அதே நகரில், தெற்கு ஜெஃபர்சன் தெரு 206ஆம் எண் கட்டடத்தில் நம் கதாநாயகன் இருந்தார். டிஜே லாரி லெவன் மறுத்த வேலையை ஏற்றுக்கொண்டு, 1977இல் நியூயார்க்கிலிருந்து ஃபிராங்கி நக்கிள்ஸ் சிகாகோ வந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். ராபர்ட் வில்லியம்ஸ் நடத்திய அந்த 'வேர்ஹவுஸ்' கிளப்பில் மது கிடையாது. சனி இரவு தொடங்கும் ஆட்டம் ஞாயிறு நண்பகல்வரை நீளும். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அவர்களில் பலர் தன்பாலீர்ப்பாளர்கள். வெளியே எங்கும் தலைநிமிர்ந்து நிற்க முடியாதவர்களுக்கு அந்த ஓர் இரவுதான் வாரம் முழுவதற்குமான மூச்சு.

டிஸ்கோவுக்கு எதிரான அலையில் இசை நிறுவனங்கள் பின்வாங்கின. புதிய நடனத் தட்டுகளின் வரத்து சுருங்கிப்போனது. கையில் புதுச் சரக்கு இல்லாத டிஜே என்ன செய்வார்?

நக்கிள்ஸ் பிளேடை எடுத்தார்.

ஒலிப்பொறியியல் படித்துக்கொண்டிருந்த நண்பரின் துணையோடு பழைய பாடல்களை ஸ்பூல் டேப்பில் பதிவுசெய்தார். பாட்டுக்குரல் ஓய்ந்து டிரம்மும் பேஸும் மட்டும் ஒலிக்கிற சில விநாடிகள் எல்லாப் பாடலிலும் எங்கேயாவது இருக்கும். ஆடுகிறவர்களின் கால் தரையில் நிற்காத இடம் அது. அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து, வெட்டி, ஒட்டி, நீட்டினார். விநாடிகள் நிமிடங்களாயின. எப்போது குரல் வரும் என்று மனப்பாடமாக அறிந்திருந்த கூட்டம், அது வராமல் தாளமே மேலும் மேலும் ஏறுவதைக் கேட்டுக் கூச்சலிட்டது. தெரிந்த பாட்டிலேயே தெரியாத ஒன்றைக் காட்டிய அந்தக் கைவேலையை இன்றைய கணினியின் ஒரு சொடுக்கோடு ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு வெட்டும் காதை மட்டுமே நம்பி எடுத்த முடிவு.

இன்னொரு வித்தையும் உண்டு. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, விரையும் ரயிலின் ஓசையை ஒலிக்கவிடுவார். கும்மிருட்டில் ரயில் கூட்டத்தின் நடுவே புகுந்து மறுபுறம் போவதுபோல இருக்குமாம்.

வார நாட்களில் இளைஞர்கள் இசைத்தட்டுக் கடைகளுக்குப் படையெடுத்தார்கள். 'வேர்ஹவுஸில் போட்ட தட்டு வேண்டும்' என்று கேட்டுக் கேட்டு, அது 'ஹவுஸ்' என்று சுருங்கியது. ஓர் இசைக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

புகழ் வளர, கூட்டமும் மாறியது. நுழைவுக் கட்டணத்தை வில்லியம்ஸ் இரட்டிப்பாக்கினார். நக்கிள்ஸ் வெளியேறி, 1983இல் 'பவர் பிளான்ட்' என்ற சொந்தக் கிளப்பைத் திறந்தார். வில்லியம்ஸ் சும்மா இருக்கவில்லை. 'மியூசிக் பாக்ஸ்' என்ற புதுப் பெயரில் கிளப் நடத்த ரான் ஹார்டியைக் கொண்டுவந்தார். ஹார்டியின் வேகம் வேறு, வெறி வேறு. நக்கிள்ஸின் நேர்த்தியை ரசித்த இளவட்டங்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவத் தொடங்கினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டெட்ராய்ட்டிலிருந்து டெரிக் மே என்ற இளைஞர் சிகாகோ வந்தார். கையில் ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷின். விற்பதற்காகக் கொண்டுவந்தது. நகரத்தில் போட்டியிடும் டிஜேக்கள் இரண்டு பேர், இயந்திரமோ ஒன்று.

அதை வாங்கியவர் முதல் இரவில் என்ன செய்தார்?

(தொடரும்)