திரும்பி வரும் அரை டாலர்

மாசி மாத விடியலில் நல்லதண்ணியில் நின்றால் சிவனொளிபாத மலையின் விளக்கு வரிசை உச்சிவரை தெரியும். சாமி பார்த்தவர்கள் இறங்கிவரும் அதே நேரத்தில், லயத்துப் பெண்கள் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து மலைக்கு ஏறுகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவில் காய்ந்த குளிர்காற்று அடிக்கும். ஆண்டின் மணமான தேயிலை அப்போதுதான் கிடைக்கும்.

இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. இரண்டு இலையும் ஒரு அரும்பும். முற்றல் இலை ஒன்று கைக்குள் வந்துவிட்டால் விரலே அதை உதறிவிடுகிறது, கண் பார்ப்பதில்லை. மட்டக்கம்பைச் செடிமேல் போட்டு, அதற்கு மேலே நிற்பதை மட்டும் ஆய்கிறார்கள். நிறுவைக்குப் போனதும் ஈரத்துக்கும் கூடைக்கும் கழிவு போகும். சொன்ன கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிக் கூலி.

அங்கிருந்து கொழுந்து இஸ்டோருக்கு, தேயிலை ஆலைக்குப் போகிறது. இரவு முழுக்கக் காற்றில் வாடி, ரோலரில் நசுங்கி, பச்சை மாறிச் செம்பு நிறமாகி, சூட்டில் கறுத்து வெளியே வரும். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. பிறகு லொறியில் மஸ்கெலியா, ஹட்டன் வழியாகக் கொழும்பு. 1883இல் தொடங்கிய ஏலம் இன்றும் வாரந்தோறும் நடக்கிறது. இப்போது கணினித் திரையில். ஏலத்தில் வாங்கியவர் அதைப் பல நாட்டுத் தேயிலைகளோடு கலந்து பெட்டியில் போட்டால், எந்த மலையில் யார் ஆய்ந்தது என்ற தடம் அத்தோடு போய்விடும்.

அந்தத் தடத்தை விடாமல் பிடித்துவைப்பதைத்தான் நியாய வர்த்தகத்தின் முதல் வேலையாக நான் நினைக்கிறேன். 1988இல் நெதர்லாந்தில் கோப்பிக்காகப் பிறந்த முத்திரை இது. 1994இல் பிரித்தானியாவுக்குப் போனபோது முதற் பொருட்களில் தேயிலையும் இருந்தது. முத்திரையோடு விற்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் விலைக்கு மேலே ஏறக்குறைய அரை டாலர் தனிக் கணக்கில் சேரும். அது தோட்டத் துரையின் பணமல்ல. தொழிலாளர்கள் வாக்களித்துத் தேர்ந்த குழு கூடி, பிள்ளைகளின் படிப்புக்கா, தண்ணீர்த் தொட்டிக்கா, எரிவாயு அடுப்புக்கா என்று தீர்மானிக்கும். நிர்வாகம் சட்டப்படி செய்யவேண்டியதை இந்தக் காசில் செய்துவிட்டுக் கணக்குக் காட்டக் கூடாது. நூற்றைம்பது ஆண்டுகளாகக் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் சொன்னதைக் கேட்டே பழகிய லயத்தில், ஒரு கொழுந்துக்காரி எழுந்து "இது வேண்டாம், அது வேணும்" என்று சொல்ல முடிவது சின்ன விஷயமில்லை.

இனி கணக்கைப் பார்ப்போம். ஒருத்தி நாளுக்கு 18 கிலோ ஆய்ந்தால் 4 கிலோ தேயிலை. அத்தனையும் முத்திரையோடு விற்றால் இரண்டு டாலர் திரும்பி வரும். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா, அன்றைய மதிப்பில் நாலரை டாலர். கிட்டத்தட்ட பாதிக் கூலி அளவுக்குப் பொதுப்பணம்! ஆனால் சான்றிதழ் பெற்ற தோட்டங்களும் தங்கள் தேயிலையில் சிறு பங்கைத்தான் முத்திரையோடு விற்க முடிகிறது. மிச்சம் வழக்கமான சந்தைக்கே போகிறது. பத்தில் ஒரு பங்கு விற்றதென்று வைத்துக்கொண்டால், அவள் பங்குக்குச் சேர்வது டாலர் கணக்கில் இருபது சதம். வாங்கும் நாடுகளின் கடைகள் மனம் வைத்தாலொழிய இந்தத் தொகை கூடப்போவதில்லை.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. கண்டிப் பக்கத்துச் சிறு இயற்கை விவசாயிகள் சங்கமும் இதே வழியில்தான் தேயிலை விற்கிறது. அவர்கள் சொந்த நிலத்தில் பயிரிடுகிறவர்கள். வரும் பணம் அவர்கள் மண்ணிலேயே இறங்குகிறது. ஆனால் 1948இல் குடியுரிமை பறிபோன தோட்ட மக்களின் பிள்ளைகளுக்கு, குடியுரிமை திரும்பிய பிறகும், லயத்துக் காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் கிடைக்கவில்லை. முத்திரைக் காசில் கூரைத் தகரத்தை மாற்றலாம், காணி வாங்கித் தர அந்தக் காசுக்கு வலுவில்லை. அதைச் செய்யவேண்டியது அரசு.

முத்திரை வாங்கிய எந்தத் தோட்டமானாலும் நான் கேட்பது ஒன்றுதான். இந்த ஆண்டு நம் தேயிலையில் எத்தனை கிலோ முத்திரையோடு விற்றது, எவ்வளவு காசு வந்தது என்பதைப் பெரட்டுக்களத்தில், எல்லாரும் பார்க்கும் பலகையில், தமிழில் எழுதிப் போடுங்கள். ஆய்கிறவளின் கொழுந்தைக் கிராம் கணக்கில் நிறுக்கிறீர்களே.