களைகளின் பெயரறிந்த மேயர்

சென்னை மாநகராட்சி மேயர்களின் பட்டியலை வாசிக்கும் நாம், 1939 என்னும் ஆண்டருகே சற்று நிற்போம். அங்கே தீரர் சத்தியமூர்த்தியின் பெயர் இருக்கிறது. அதற்குச் சில வரிகள் கீழே, 1942-43 என்னும் ஆண்டுகளுக்கு எதிரே உள்ள பெயரை நம்மில் பெரும்பாலோர் கடந்துபோய்விடுகிறோம். அந்தப் பெயர் சி. தாதுலிங்க முதலியார். வழக்கறிஞர்களும் வணிகப் பிரமுகர்களும் அரசியலாரும் வீற்றிருந்த அந்த நாற்காலிக்கு அவர் வந்த வழி வேறு. அது வயல் வரப்புகளின் வழி.

சைதாப்பேட்டையில் 1868இல் தோன்றிய வேளாண் பள்ளி, 1906இல் கோயமுத்தூருக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுவே. அங்கே தாவரவியல் கற்பித்தவர் ராய் பகதூர் கே. ரங்காச்சாரியார். 1921இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட அவருடைய தென்னிந்தியப் புற்கள் குறித்த கையேட்டின் முகப்பில், உதவியவர் என்று தாதுலிங்க முதலியாரின் பெயர் இருக்கிறது. லின்னேயன் சங்க உறுப்பினர் என்பதைக் குறிக்கும் எழுத்துகளும் உடன் உண்டு. புல்லின் இலையையும் தண்டையும் குறுக்கே வெட்டி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து வரைந்து விளக்கும் நூல் அது. மாடு மேயும் புல்லுக்கு இத்தனை நுட்பமா என்று வியப்போர் அந்நூலை இன்று குட்டன்பர்க் திட்டத்தின் இணையத் தொகுப்பில் காணலாம்.

பின்னர் அவர் கோவை வேளாண் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். 1932இல் ஜி. வெங்கடநாராயணாவுடன் இணைந்து தென்னிந்தியக் களைகளுக்கான கையேட்டைக் கொண்டுவந்தார். இம்முறை முகப்பின் முதற்பெயர் அவருடையது.

களை என்பது தாவரவியல் வகுத்த குலமன்று. உழவர் வழங்கிய தீர்ப்பு. வழிபாட்டில் வைக்கும் அருகம்புல்லே வயலில் கிளைத்தால் பகையாகிவிடுகிறது. கோரையின் கிழங்கு மண்ணுக்குள் ஒன்று எஞ்சினாலும் மீண்டும் தழைக்கும். சுடுமல்லி சோளத்தின் வேரைப் பற்றி உறிஞ்சுகிறது. அது மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே பயிர் வாடத் தொடங்கிவிடும். பிடுங்கினால் போதும் என்பது இங்கே செல்லாது. எது விதையால் பரவுகிறது, எது கிழங்கால், எது பிறர் வேரால் என்று அறிந்த பின்பே கை வைக்கவேண்டும். பெயரறிதல் பொழுதுபோக்கன்று, விளைச்சலின் கேள்வி என்பதே அத்தகைய நூலின் பயன்.

இன்று நம் தரிசுகளெங்கும் பூத்துக் குலுங்கும் பார்த்தீனியம் 1950களில்தான் இந்தியாவில் கவனிக்கப்பட்டது. 1932இன் கையேடு அறியாத பகை அது. ஆகவே அந்நூல் வேளாண் வழிகாட்டி என்பதோடு, ஒரு காலத்து நிலத்தின் சாட்சியமாகவும் நமக்குப் பயன்படுகிறது.

அவர் மேயரான 1942, சென்னைக்கு எளிய ஆண்டன்று. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்து பர்மா அரிசியின் வரத்து நின்றது. ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியக் குண்டுகள் விழ, சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்கு ஓடினர். ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் மூண்டு, தலைவர்கள் சிறைப்பட்டனர். 1943 மார்ச் 28இல் சத்தியமூர்த்தி மறைந்தார். அவர் முனைந்து தொடங்கிவைத்த பூண்டி நீர்த்தேக்கம் 1944இல்தான் முடிந்தது. மேயருக்கோ பதவிக்காலம் ஓராண்டே. நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். அவையை நடத்துவதும் நகரின் முகமாக நிற்பதுமே மேயரின் பங்கு.

கொடியோரை அரசன் ஒறுப்பதைக் களையெடுப்போடு ஒப்பிட்டவர் வள்ளுவர். ஆட்சியாளர்களுக்கு அந்த உவமையின் பிற்பகுதி பெரும்பாலும் கேள்வி ஞானமே. கோரைக்கும் நாற்றுக்கும் வேற்றுமை கற்பித்தே வாழ்நாளைக் கழித்த ஒருவர், ரிப்பன் மாளிகையின் தலைமை இருக்கையில் ஓராண்டு அமர்ந்திருந்தார்.

மேயர் பதவி அவருக்குப் பட்டியலில் ஒரு வரியைத் தந்தது. களைக் கையேடோ ஆய்வுக் கட்டுரைகளில் நெடுங்காலம் எடுத்தாளப்பட்டது. ஆயினும் நாம் நகரின் வரலாற்றை எழுதும்போது மேயர்களைத் தேடுகிறோம். வேளாண்மையின் வரலாற்றை எழுதும்போது புதிய விதைகளையும் விளைச்சலையும் தேடுகிறோம். இரண்டுக்கும் நடுவே, வரப்பில் குனிந்து ஒரு புல்லின் பெயரைச் சரிபார்த்தவர் நம் நினைவிலிருந்து நழுவிவிட்டார். அடுத்த முறை வயலில் கோரையைக் காணும்போதேனும் அவரை எண்ணிக்கொள்வோம்.