பாவையின் முழங்கை



துணியாலோ நூலாலோ ஒரு குழாய் செய்து அதனுள்ளே பஞ்சை இறுக அடைத்துப் பாருங்கள். அது கோல்போல நேராக நிற்கும். மடிக்க முயன்றால் உட்புறத்தில் மடிப்பு விழும்; வெளிப்புறம் இழுபட்டு விறைக்கும்; கையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துவிடும். பஞ்சுப் பாவைகளுக்குக் கையுங் காலும் அமைக்க முற்பட்டோர் எதிர்கொண்ட இடர் இதுவே. பாவையை இருத்துவது எப்படி? அதன் கையை மார்போடு அணைப்பது எப்படி? சிறு காரியந்தான். ஆயினும் இதற்கு விடை தந்த கைவேலையின் வரலாறு 1,500 ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

எகிப்து நாட்டிலே கிரேக்கர் ஒக்சிறிங்கசு என்று அழைத்த பழம்பதி ஒன்றுண்டு. அதன் குப்பைமேடுகளிற் பப்பிரசு ஏடுகள் ஏராளமாகக் கிடைத்தமையால் அதன் பெயர் அறிஞருலகிற் பரவிற்று. நமக்கு வேண்டியவை அங்கே கிடைத்த வேறிரண்டு எளிய பொருள்கள். ஒன்று, பிரித்தானிய நூதனசாலையிலுள்ள ஒரு பாவை. உரோமர் காலத்துக் குழந்தையொன்றின் விளையாட்டுப் பொருளாகிய அது, சணல்நார்த் துணியாற் செய்து, கந்தலும் பப்பிரசுத் துண்டுகளும் உள்ளே அடைக்கப்பட்டது. மற்றையது, இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிலுள்ள ஒரு சோடிச் சிவப்புக் கம்பளிக் காலுறை. கி.பி. 250க்கும் 420க்கும் இடைப்பட்டதென மதிக்கப்படுகின்றது. மிதியடியின் வார் நுழைவதற்காக அதன் விரற்பகுதி இரண்டாகப் பிரிந்திருக்கும். அதனைப் பின்னியது ஒற்றை ஊசி. நாம் அறிந்த பின்னல் முறைகளுக்கு முற்பட்ட முறை அது.

பாவையின் கதையைச் சொல்லவந்த நான் காலுறையைப் பற்றிப் பேசுவதேன் என நீங்கள் கேட்கலாம். காலுறைக்குக் குதிக்கால் உண்டு. கணைக்காலிலிருந்து கீழ்நோக்கி வரும் நூற்குழாய் ஒன்று அவ்விடத்திலே திரும்பிப் பாதத்தை நோக்கி ஓடவேண்டும். வெட்டாமலும் ஒட்டுப் போடாமலும் குழாயைத் திருப்புவது எவ்வாறு? பின்னலிற் கைதேர்ந்தோர் கண்ட வழி இதுதான்: குழாயின் பின்புறத்திற் பாதியை மட்டும் எடுத்து, அதன்மேல் முன்னும் பின்னுமாகச் சில வரிசைகளை மேலதிகமாகப் பின்னுவது. பின்புறம் நீளும், முன்புறம் நீளாது. நீண்ட புறம் குறுகிய புறத்தைச் சுற்றி வளைந்தே தீரும். இதை முதலிற் கண்டவர் யாரென்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

குரோசே எனப்படும் கொக்கியூசிப் பின்னல் வரலாற்றிற் பிந்தி வந்தது. அதற்கான செய்முறைகள் 1823ஆம் ஆண்டளவில் ஒல்லாந்து நாட்டுச் சஞ்சிகையொன்றில் அச்சேறின. அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தின்போது ஏழைக் குடும்பங்கள் பல இப்பின்னலால் உயிர் தாங்கின. ஆனால், அவர்கள் பின்னியது செல்வர் வீட்டு ஆடைகளுக்கான சரிகையேயன்றிப் பாவையன்று.

இதற்கிடையில் ஜேர்மனியிலே பாவையின் அங்கங்களுக்கு வேறொரு விடை உருவாயிற்று. கீங்கன் என்னும் சிற்றூரில் 1847இல் பிறந்த மார்கரேத்த ஸ்ரைஃப் அம்மையார், குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளைவாதத்தாற் கால்கள் வழங்காது, வலக்கையும் நலிந்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 1880ஆம் ஆண்டளவில் அவர் கம்பளித் தடிப்புத் துணியில் ஊசி குத்தி வைப்பதற்கென யானைகள் செய்தார். குழந்தைகளோ அவற்றை விளையாட எடுத்துக்கொண்டனர். அவர்தம் மருமகன் றிச்சாட், விலங்குக் காட்சிச்சாலையிற் கரடிகளைப் பார்த்து வரைந்து பழகியவர். அவர் 1902இல் அமைத்த கரடிக்குப் பெயர் 55 பிபி. உயரம் 55 சதமமீற்றர். அடுத்த எழுத்து முசுமுசுத்த துணியைக் குறிக்கும். இறுதி எழுத்து, அசையத்தக்கது என்னும் பொருளது. அவ்விறுதி எழுத்திலேதான் புதுமை இருந்தது. கைகால்கள் உடலோடு தைக்கப்படாமல் கயிற்றாற் பிணைக்கப்பட்டிருந்தன. கயிறு தளர்ந்தது. உலோகக் கம்பியை வைத்துப் பார்த்தனர். பின்னர் மட்டைத்தாள் வட்டங்களை மூட்டாக்கினர். 1903இல் லைப்சிக் சந்தையிலே அமெரிக்க வணிகர் ஒருவர் 3,000 கரடிகளை வேண்டினார். 1907இல் அத்தொழிற்சாலை விற்றவை ஏறக்குறைய 9 இலட்சத்து 75 ஆயிரம். முதற் கரடியாகிய 55 பிபியோ ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை.

இந்தக் கரடிக்குத் தோளிலும் இடுப்பிலும் மூட்டு உண்டு, முழங்கையில் இல்லை. கையின் மெல்லிய வளைவு, துணியை வளைத்து வெட்டியதால் வந்தது. கொக்கியூசியாற் பின்னுபவருக்கு இந்த வசதி கிடையாது. பின்னலை வெட்டினால் அது பிரிந்துபோகும். வளைவைப் பின்னும்போதே வளர்த்தெடுக்க வேண்டும். அவ்விடத்திலேதான் பழைய குதிக்கால் மீண்டும் தலைகாட்டுகின்றது.

பஞ்சடைத்த பின்னற் பாவைகளை யப்பானியர் அமிகுறுமி என்பர். பின்னல் என்ற சொல்லும் பஞ்சுப் பாவை என்ற சொல்லும் புணர்ந்து பிறந்த பெயர் அது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அது உலகெங்கும் பரவியது. அதன் தொடக்கம் பெரும்பாலும் 6 கண்ணிகள். சுற்றுக்கு ஆறாகக் கூட்டினால் 12, 18, 24 என வட்டம் தட்டையாக விரியும். கூட்டுவதை நிறுத்தினால் வட்டம் குழாயாக எழும். அதுவே கை, அதுவே கால்.

இனி அதை மடிக்கவேண்டும். முழங்கை செங்கோணமாக மடிய, வெளிப்புறம் உட்புறத்தைவிட எவ்வளவு நீளவேண்டும்? கேத்திரகணிதம் விடை கூறும்: குழாயின் சுற்றளவிற் சரிபாதி. குழாய் தடித்ததாயினும் மெலிந்ததாயினும் கணக்கு மாறாது. 24 கண்ணிச் சுற்றாயின், கண்ணியின் அகலமும் உயரமும் ஏறத்தாழச் சமமென்று கொண்டு, வெளிப்புறத்தின் நடுவில் 12 வரிசைகள் மேலதிகமாக வரவேண்டும். பாதி மடிப்புக்கு 6 போதும். நூலின் தடிப்புக்கும் கையின் இறுக்கத்துக்கும் ஏற்பச் சிறிது கூடிக் குறையும். வரிசைகளை ஒரேயிடத்தில் நிறுத்தாமல் ஒன்றைவிட ஒன்று குறுக்கிப் பின்னினால் வளைவு மொழுமொழுவென்று அமையும். குறுக்குவழியும் ஒன்றுண்டு: அதே சுற்றில் உட்புறம் குட்டைக் கண்ணிகளும் வெளிப்புறம் நெட்டைக் கண்ணிகளுமாகப் பின்னுவது. அங்கத்தினுள்ளே கம்பி செருகி வளைப்பவர்களும் உளர். சிறு குழந்தைகளின் பாவைக்கு அதனை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். கம்பி ஒருநாள் வெளியே வரும்.

தையல் வகுப்பு நேரத்தைக் கணித வகுப்புக்குத் தந்துவிடுங்கள் என்று பெற்றோர் சிலர் பாடசாலையில் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் கூறுவது பேராசிரியை ஒருவரின் செயலையே. லாத்வியா நாட்டிற் பிறந்த டைனா தைமினா என்னும் கணித அறிஞர், அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் ஒருவகை வளைதளத்தை மாணவருக்கு விளக்கவேண்டியிருந்தது. சேணத்தைப்போல எப்பக்கமும் எதிரெதிராக வளையும் தளம் அது. தாளில் ஒட்டிச் செய்த மாதிரிகள் எளிதிற் கிழிந்தன. 1997இல் அவர் கொக்கியூசியை எடுத்தார். வரிசைதோறும் ஒரே விகிதத்திற் கண்ணிகளைக் கூட்டிச் சென்றார். பின்னல் நெளிநெளியாகச் சுருண்டு எழுந்தது. மாணவர் அதனைக் கையிலே வாங்கி, மடித்து, அந்த மடிப்பையே ஒரு நேர்கோடாகக் கொண்டு ஆராயலாயினர்.