ஒன்பதாயிரம் வரிகளும் ஓர் உரையும்

சென்ற பொங்கல் விடுமுறையில் நம் பழைய மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். பகுதி ஒன்று தமிழை நம்மிடம் படித்தவர். இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தின் வழங்கிகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறார். (வழங்கி என்று நாம் எழுதுகிறோம், அவர் செர்வர் என்றுதான் சொல்கிறார்.) நள்ளிரவில் கணினி ஒன்று நின்றுபோனால் கைப்பேசி அலறும், எழுந்து உட்கார்ந்து, அது ஏன் நின்றது என்று தேட வேண்டும். அத்தகைய தொழில். பேச்சினிடையே பையிலிருந்து தடித்த நகல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஐயா, இது உங்கள் துறைப் புத்தகம். மூலமும் உரையும்" என்றார். புரட்டினோம். ஒரு பகுதி முழுவதும் குறியீடுகள் மண்டிய வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எண். மற்றொரு பகுதியில் அவ்வெண்களைச் சுட்டியவாறே செல்லும் ஆங்கில உரைநடை. மாணவர் சொன்னது வேடிக்கைப் பேச்சல்ல என்பது சில பக்கங்களிலேயே விளங்கிற்று.

மூலம், யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு (1975). உரைகாரர் ஜான் லயன்ஸ். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி இயல் ஆசிரியர். 1937இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, வட அமெரிக்காவில் சில ஆண்டுகள் பணியாற்றியபின் 1972இல் சிட்னி திரும்பியவர். 1976இல் தம் வகுப்பு மாணவர்களுக்காக இவ்வுரையை எழுதினார். மறு ஆண்டு திருத்தி அமைத்தார். வகுப்பறைக் குறிப்பாகத் தோன்றிய இந்நூல் பின்னர் இருபதாண்டுக் காலம் மறைவாகவே உலகைச் சுற்றி வந்தது. அக்கதைதான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

கதையின் வேர் ஒரு நீதிமன்ற உடன்பாட்டில் இருக்கிறது. அமெரிக்கத் தொலைபேசித் துறையில் ஏகபோகம் செலுத்திய ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், தொலைத்தொடர்பு தவிர்த்த பிற வணிகங்களில் இறங்கலாகாது என்று 1956இல் கட்டுப்படுத்தப்பட்டது. அந்நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில், 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸைத் தொடங்கினர். மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து ஆய்வகம் விலகிக்கொண்ட ஆண்டு அது. பயனற்றுக் கிடந்த பி.டி.பி-7 என்னும் சிறு கணினியில் வேலை ஆரம்பமாயிற்று. 1973இல் பெரும்பகுதியும் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. 1974 ஜூலையில் இருவரும் எழுதிய ஆய்வுரை அச்சில் வந்ததும் பல்கலைக்கழகங்கள் யுனிக்ஸைக் கேட்டு எழுதலாயின. விற்கவும் இயலாது, மறுக்கவும் மனமில்லை என்ற நிலையில் நிறுவனம் ஒரு வழி கண்டது: பெயரளவிலான கட்டணத்திற்கு மூலநிரலோடு நாடாவை அனுப்பிவிடுவது. பழுது பார்த்துத் தரும் பொறுப்பு எதையும் ஏற்பதில்லை.

இந்தக் கைகழுவல்தான் பெரிய நன்மையாக முடிந்தது என்பது நம் கருத்து. கேட்பதற்கு ஆளில்லாதபோது மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். கணினியைப் பராமரித்தவர்கள் தாங்களே மூலநிரலைப் படித்தனர், பிழை கண்டனர், திருத்தங்களை நாடாவில் பதிந்து பரிமாறிக்கொண்டனர். 1975 ஜூலையில் 'யுனிக்ஸ் நியூஸ்' என்ற செய்தி மடல் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் வழக்கறிஞர்கள் பெயருக்கு ஆட்சேபம் தெரிவிக்கவே, அம்மடல் ';லாகின்:' என்று பெயர் மாற்றிக்கொண்டது. முன்னால் அரைப்புள்ளி, பின்னால் முக்காற்புள்ளி: அக்கால முனையங்களின் திரையில் தோன்றிய வடிவத்தை அப்படியே தலைப்பாக்கிவிட்டார்கள். சிறுபத்திரிகைகளுக்குப் பெயர் வைப்பதில் நாம்தான் விசித்திரமானவர்கள் என்று எண்ணியிருந்தோம்.

லயன்ஸ் ஒரு பாடம் நடத்த வேண்டியிருந்தது. இயங்குதளம் பற்றி அன்றிருந்த பாடநூல்கள் கோட்பாடுகளைச் சொல்லின. முழுமையான ஓர் இயங்குதளத்தை எவரும் மாணவர் கையில் கொடுத்ததில்லை. பெருங்கணினிகளின் இயங்குதளங்கள் இலட்சக்கணக்கான வரிகள் கொண்டவை. யாரும் முற்றும் படித்திருக்க இயலாது. யுனிக்ஸின் கருப்பகுதியோ ஏறத்தாழ 9000 வரிகள். ஒரு மாணவர் ஒரு பருவத்திற்குள் எழுத்தெண்ணிப் படிக்கத்தக்க அளவு. லயன்ஸ் அதனை ஐந்து பிரிவுகளாக வகுத்தார். தாளுக்கு நூறு வரி, இரண்டு பத்தி. நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் தாளைக் குறிக்கும், அடுத்த இரண்டும் வரியைக் குறிக்கும். நூற்பா எண் சொன்னால் போதும், பக்கம் தேட வேண்டாம் என்று நாம் தொல்காப்பிய வகுப்பில் பெறும் அதே வசதி.

உரையின் போக்கும் நமக்கு அயலானதன்று. கணினி விழித்தெழும் கணத்தில் தொடங்குகிறது. எந்த வரி முதலில் இயங்கும், அது எதை அழைக்கும், அழைக்கப்பட்டது எங்கே திரும்பும் என்று கைபிடித்து அழைத்துச் செல்கிறது. முன்னுரையில் லயன்ஸ் சொல்லும் ஒரு கருத்து நம்மை நிறுத்தியது. இந்நிரலின் தரம் மிக உயர்ந்தது. ஆகவே நடை பற்றி எங்கேனும் தாம் குறிப்பிட்டால், பெரும்பாலும் அது வழக்கமான தரத்திலிருந்து வழுவிய இடமாகவே இருக்கும் என்கிறார். அதாவது, பாராட்டு முன்னுரையோடு முடிந்துவிட்டது. இனிக் குறை மட்டும்தான். மூலநூலாசிரியரிடம் பேரன்பு வைத்துக்கொண்டு குறையையும் சொல்லத் துணிபவரே நல்ல உரைகாரர். சேனாவரையருக்கு இளம்பூரணர்மேல் மதிப்பு இல்லாமலா மறுத்தார்?

மாணவர் நமக்குக் காட்ட விரும்பிய இடம் 2238ஆம் வரி. ஒரு நிரலுக்கு ஓய்வு கொடுத்து மற்றொன்றை இயக்கும் பகுதி அது. சாதாரணமாக, ஒரு செயல்கூற்றை யார் அழைத்தாரோ அவரிடமே அது திரும்பும். இங்கே அவ்வாறில்லை. முருகன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறான். அதே கதவு வழியாக, என்றோ உள்ளே போய் உறங்கிய வேலன் வெளியே வருகிறான். அதனோடு, நினைவகத்திலிருந்து வட்டுக்கு அனுப்பப்பட்டு மீண்ட நிரலாயிருப்பின், அது தன்னிலையைக் கடைசியாகச் சேமித்த வேறோர் இடத்திற்கே திரும்பிச் சென்றுவிடும். இதைச் சில வரிகளில் விளக்கிவிட்டு, படிப்பவருக்கு இது புரிய வேண்டுமென்று எதிர்பார்க்கப்படவில்லை என்று நிரலாசிரியர்கள் ஒரு குறிப்பை எழுதி வைத்தார்கள். உலகெங்கும் நிரலாளர்கள் இதனைச் சட்டையில் அச்சிட்டு அணியும் அளவுக்கு அது புகழ்பெற்றது. செருக்கு என்று கொண்டவரும் உண்டு. ரிட்சி பின்னாளில் தந்த விளக்கம் வேறு. 'தேர்வில் இது கேட்கப்படாது' என்ற பொருளில்தான் எழுதினோம் என்றார். அத்தோடு நிற்கவில்லை. அங்கே என்ன நடக்கிறதென்று தங்களுக்கே சரியாக விளங்கவில்லை என்றும், இண்டர்டேட்டா என்ற வேறுவகைக் கணினிக்கு யுனிக்ஸைக் கொண்டுபோக முயன்றபோதுதான் அது தெரிந்ததென்றும் ஒப்புக்கொண்டார். நூலாசிரியரே இப்படி வாய்விட்டுச் சொல்லும் பேறு நம் உரைகாரர்களில் எவருக்கும் கிடைத்ததில்லை.

1979இல் ஏழாம் பதிப்பு வந்தது. உடன்வந்த உரிம ஒப்பந்தம், மூலநிரலை வகுப்பறையில் பாடமாக நடத்தலாகாது என்றது. விலை கண்டுகொண்ட சொத்தை நிறுவனம் வேலியிட்டுக் காக்க முற்பட்டது. வணிக நோக்கில் அதைக் குற்றமென்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு நூலை வைத்திருக்கலாம், மாணவருக்கு விளக்கலாகாது என்ற விதியை ஆசிரியர் தொழிலில் இருக்கும் நம்மால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. லயன்ஸின் உரை அதற்கு முன்னரே உரிமம் பெற்றவர்களுக்குள் மட்டும் வழங்கத்தக்கதாக இருந்தது. இப்போது வெளியீட்டுக்கான வாயிலே அடைபட்டது. அப்புறம் ஜெராக்ஸ் இயந்திரம் பார்த்துக்கொண்டது. நகலுக்கு நகல், அதற்கொரு நகல். எழுத்து மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு, எத்தனையாம் தலைமுறை நகல் என்று தெரியாத தாள்களை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை நிர்வாகிகளும் நிரலாளர்களும் தங்கள் கணினிகளின் உள்ளுறுப்புகளைக் கற்றனர். ஏடு பெயர்த்தெழுதியோர் செய்த பிழைகளோடு போராடிய நம் பதிப்பாசிரியர்களை இங்கே நினையாதிருக்க முடியவில்லை.

தடை மற்றோர் இடத்தில் வேறு விளைவைத் தந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர், கற்பிக்க யுனிக்ஸ் இல்லையென்றானபின் தாமே மினிக்ஸ் என்ற சிறு இயங்குதளத்தை எழுதி, 1987இல் பாடநூலாகவே வெளியிட்டார். அதைப் படித்துப் பயன்படுத்திய ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கினார். நம் மாணவர் பராமரிக்கும் வழங்கிகள் இயங்குவது லினக்ஸில்தான். தடைதான் லினக்ஸைப் பெற்றெடுத்தது என்று அவர் அடித்துச் சொல்கிறார். வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் செல்வதில்லை என்பது நம் எண்ணம். மலிவான கணினிகளும் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டமும் இல்லாமல் அது நடந்திராது. எனினும் சங்கிலியில் அத்தடையும் ஒரு கண்ணி என்பதை மறுப்பதற்கில்லை.

1996இல், யுனிக்ஸ் உரிமையை அப்போது வைத்திருந்த சாண்டா குரூஸ் ஆப்பரேஷன் நிறுவனம் இசையவே, லயன்ஸ் உரை முதன்முறையாக முறைப்படி அச்சேறியது. தாம்சனும் ரிட்சியும் அதில் பாராட்டுரை எழுதினர். லயன்ஸ் 1998 டிசம்பரில் மறைந்தார். 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் பழைய யுனிக்ஸ் பதிப்புகளின் மூலநிரலை எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதே ஆண்டு எம்.ஐ.டி.யில் இயங்குதள வகுப்பு ஆறாம் பதிப்பையும் லயன்ஸ் உரையையும் பாடமாகக் கொண்டது. பி.டி.பி-11 கணினியின் நுணுக்கங்கள் இக்கால மாணவர்க்குச் சுமையாயிருக்கவே, 2006இல் அவர்கள் எக்ஸ்வி6 என்ற மறுவடிவத்தை எழுதிக்கொண்டனர். அதன் நிரலையும் இரண்டு பத்தியில், நான்கு இலக்க வரியெண்ணிட்டு, லயன்ஸ் முறையிலேயே அச்சிட்டார்கள். அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தில் இயங்குதளத் துறைக்கு அவர் பெயரால் ஓர் இருக்கை உண்டு.

ஊர் திரும்பும்போது மாணவர் நகலை நம்மிடமே விட்டுச் சென்றார். முதல் அத்தியாயங்களை இருமுறை படித்தாயிற்று. சி மொழியைப் படிக்கும் முறை பற்றிய பகுதியில் நிற்கிறோம். ஐயங்களை ஒரு தாளில் எண்ணிட்டு எழுதி வருகிறோம், அடுத்த விடுமுறையில் அவரிடம் கேட்க.